கோழிக் கூண்டின் மண் தரை

கோழி வளர்ப்போர் தீனிக்குக் கவலைப்படுகிறார்கள், முட்டையை எண்ணுகிறார்கள், தரையை மட்டும் கவனிப்பதில்லை. குஞ்சுகளுக்கோ யமன் பெரும்பாலும் தரையிலிருந்துதான் வருகிறான்.

இரத்தக் கழிச்சலை எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணமான நுண்ணுயிர்கள் எச்சத்தோடு வெளிப்பட்டு, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இரண்டொரு நாளில் முதிர்ந்து, தரையைக் கொத்தும் குஞ்சின் வயிற்றில் புகுந்துவிடுகின்றன. ஆகவே ஈரத்தை விலக்குவதே முதல் வைத்தியம்.

மண் தரையே ஆகாதென்று நாம் சொல்லவில்லை. கூண்டின் தரையை அரையடி உயர்த்தி, களிமண்ணிட்டுத் திமிசுக் கட்டையால் இறுக்குக. மேலே நான்கு அங்குலம் உமி பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிடுக. நனைந்த பகுதியை அன்றே அள்ளிவிடவேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல்லின்மேல் வைத்தால் கோழிகள் அதைக் கிளறிச் சிந்துவது குறையும்.

வெளியே உலாவும் இடத்தை இரண்டாக அடைத்துக்கொள்வது நலம். ஒரு பாதியில் கோழிகள் மேயும்போது மறுபாதி வெயிலில் காய்ந்து புல் துளிர்க்கட்டும். கோழி ஒன்றுக்குப் பத்துச் சதுர அடியாவது வேண்டும். கம்பி வலையை ஓரடி ஆழம் புதைத்தால் கீரி தோண்டி நுழைவது கடினம். மூலையில் மணலும் சாம்பலும் கலந்து வைத்தால், கோழிகள் அதில் புரண்டு பேனை உதறிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்தபின் தடுப்பூசி எதற்கு என்று எண்ணலாகாது. 1927-இல் குமாவுன் மலையிலுள்ள ராணிகேத்தில் கண்டறியப்பட்டு, அவ்வூர்ப் பெயரையே பெற்ற வெள்ளைக் கழிச்சல், சுத்தமான கூண்டையும் காலியாக்கிவிடும்.

அள்ளிய உமியும் வீணாவதில்லை. மக்கவைத்தால் நம் கத்தரிப் பாத்திக்கு நல்ல எரு.