முடிச்சுக்குள்ள ஒரு இசக்கி, நூலுக்குள்ள ஒரு கணினி

சிற்பம்னு சொன்னதும் நமக்கு சுசீந்திரம் கோயில் கல்லுதான் ஞாபகம் வரும். கயிறு, துணி, கம்பளி நூல் இதுலயும் சிற்பம் செய்றாங்க. மென்சிற்பம்னு சொல்லலாம். இன்னைக்கு அதப் பத்திப் பார்ப்போம்.

மிருணாளினி முகர்ஜி (1949–2015) பரோடாவில் படித்தவர். 1970-களிலிருந்து சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டே பெரிய உருவங்களைச் செய்தார். 1984-இல் செய்த ஒன்றின் பெயர் ‘யக்ஷி’. நம்ம இசக்கியோட பேரு வந்ததே யக்ஷியிலிருந்துதான்னு சொல்லுவாங்க. கல்லு யக்ஷி விறைப்பா நிப்பா. இவ மடிப்பு மடிப்பாத் தொங்குவா. ஆனாலும் பாத்தா ஒரு பயம் வரும். அப்படிப்பட்ட வேலையையும், கயிறுங்கிறதால, ‘கைவினைதானே’ன்னு ஒதுக்கினவங்க உண்டு.

அந்தக் ‘கைவினைதானே’ நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சம்பாதித்த காசில் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்கள் இருந்தார்கள்.

லேஸ் எப்படிப் பின்னுறாங்க? தலையணையில ஊசி குத்தி, நூல் சுத்தின சின்னக் கட்டைகளை இடம் மாத்துவாங்க. எவ்வளவு சிக்கலான பூவானாலும் அடிப்படை அசைவு ரெண்டுதான்: குறுக்கே போடுறது, முறுக்குறது. கணினியும் 0, 1-ங்கிற ரெண்ட வச்சுத்தானே எல்லாம் செய்யுது!

இது வெறும் உவமை இல்ல. 1969-இல் நிலவுக்குப் போன அப்பல்லோ கலத்தின் கணினிக்கு, பெண் தொழிலாளர்கள்தான் நிரலைக் கம்பியால் கோத்தார்கள். கம்பி காந்த வளையத்துக்குள்ள போனா 1, வெளியே போனா 0.

இன்றைய மென்சிற்பம் இந்த இழையைத்தான் பிடிச்சிருக்கு. மார்கரெட், கிறிஸ்டின் வெர்தெய்ம் சகோதரிகள் 2005-இல் குரோஷே பவளப்பாறையைத் தொடங்கினார்கள். ‘இத்தனை கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டு’ன்னு ஒரு விதி. அந்த எண்ண மாத்தினா உருவமே மாறிடும், நிரல் மாதிரி. பின்னின ஆயிரக்கணக்கானவங்கள்ல பெரும்பாலும் பெண்கள். அவங்க பேரையும் கண்காட்சியில போடுறாங்க.

நாகர்கோவில் லேஸ் கப்பலேறி சீமைக்குப் போச்சு. பின்னினவங்க பேரு போகல. உங்க வீட்டுல ஆச்சி பின்னின விரிப்பு ஏதாவது இருந்தா, யாரு, எந்த வருஷம்னு கேட்டு ஒரு சீட்டுல எழுதி அதோடயே வைங்க. பேரு இல்லாத வேலையத்தான் ‘கைவினைதானே’ன்னு சொல்லிடுறது சுலபம்.