புதுக்குடித்தனம் போகும் ராணி

பங்குனி மாதம். காலை பத்து மணி இருக்கும். பழங்காநத்தத்தில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறம். முருங்கை மரத்தடியில் ஒரு தேன் பெட்டி. திடீரென்று அந்தப் பெட்டியின் சிறு வாசலிலிருந்து தேனீக்கள் குடம் கவிழ்ந்தாற்போல் வெளியே கொட்டத் தொடங்கின. கொல்லை முழுவதும் ஒரே இரைச்சல். சிறிது நேரத்தில் அத்தனையும் பக்கத்து வேப்பமரக் கிளையில் போய் ஒட்டிக்கொண்டன. கிளையில் பலாப்பிஞ்சு தொங்குவது போல் இருந்தது.

அண்டை வீட்டார் ஓடி வந்தார்கள். தீப்பந்தம் கட்டிக் காட்டலாம் என்றார் ஒருவர். "யாரோ கண்ணு வச்சுட்டாக" என்றார் ஓர் அம்மாள். பெட்டிக்குச் சொந்தக்காரர் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். தலையில் கை வைத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

"வேப்பம்பூ பூக்கிற நேரம், தம்பி! இனிமேத்தான் தேனே வரணும். பாதிக் கூட்டம் கிளம்பிருச்சே!" என்றார் என்னிடம்.

அவர் கவலை நியாயமானதுதான். வேம்பு, புங்கு, புளி என்று மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும் காலம் இது. பூ இருக்கும்போது தேன் சேர்க்க ஆள் வேண்டும். பாதி ஆட்கள் போய்விட்டால் மிஞ்சியவை தங்கள் வயிற்றுக்குச் சேர்க்குமே தவிர, நமக்கு மிச்சம் வராது.

தாய் போகிறாள், மகள் இருக்கிறாள்

இதற்குக் 'குடி பிரிதல்' என்று பெயர். கண்ணேறும் இல்லை, கோபமும் இல்லை. கூட்டம் பெருகி, வீடு கொள்ளாமல் போனதுதான் காரணம். தேனீக்கள் பெருகுவதற்கு இயற்கை வகுத்த வழி இதுவே.

பிரிந்து போவது யார் தெரியுமா? நம் வீடுகளில் மகள்தான் புகுந்த வீட்டுக்குப் போவாள். தேனீ வீட்டிலோ தாய் கிளம்புகிறாள்! கட்டிய வீட்டையும், சேர்த்த தேனையும், வளரும் பிள்ளைகளையும் மகளுக்கு விட்டுவிட்டு, பாதிப் பரிவாரத்துடன் வெளியேறுகிறாள் கிழ ராணி. எந்தக் குடும்பத்தில் இப்படி நடக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ராணியின் உடலிலிருந்து ஒருவகை வாசனைப் பொருள் சுரக்கிறது. 1954-ல் இங்கிலாந்து விஞ்ஞானி காலின் பட்லர் இதை ஆராய்ந்து, 'ராணிப் பொருள்' என்று பெயரிட்டார். வேலைக்காரத் தேனீக்கள் ராணியை நக்கி, அந்த வாசனையை ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்ளும். "ராணி இருக்கிறாள்" என்ற சேதி இப்படித்தான் பெட்டி முழுவதும் பரவுகிறது. நெரிசல் மிகுந்தாலோ, ராணிக்கு வயதானாலோ சேதி எல்லோருக்கும் எட்டுவதில்லை. உடனே புது ராணிக்கு அறை கட்டத் தொடங்கிவிடுகின்றன.

ராணி அறையை அடையாளம் காண்பது சுலபம். மற்ற அறைகள் படுக்கைவாட்டில் இருக்கும். இது மட்டும் அடையின் கீழ் ஓரத்தில், நிலக்கடலையைப் போலத் தலைகீழாகத் தொங்கும். இதற்கு முன்பே ஆண் தேனீக்கள் பெருகிவிடும். ஆண் தேனீ வளரும் அறையின் மூடி கொஞ்சம் பெரியது. நடுவில் ஊசி குத்தியது போல் ஒரு துளையும் இருக்கும். மாலையில் வாசலுக்கு வெளியே தேனீக்கள் தாடி போலத் தொங்கினால், உள்ளே புழுக்கம் என்று அர்த்தம்.

எட்டு நாள் கணக்கு

பெரியவர் கோட்டை விட்டது எங்கே? ராணி அறையில் வைத்த முட்டை மூன்று நாளில் புழுவாகும். புழு ஐந்து நாள் வளரும். எட்டாம் நாள் வாக்கில் அறைக்கு மெழுகு மூடி போடுவார்கள். மூடி போட்டதும், வானம் தெளிவாக இருந்தால், தாய் ராணி புறப்பட்டுவிடுவாள். புது ராணி வெளிவருவது பதினைந்து, பதினாறாம் நாளில்தான்.

ஆகவே பூக்காலத்தில் வாரம் தவறாமல் பெட்டியைத் திறந்து பார்ப்பவர் ஏமாறமாட்டார். பெரியவரோ பேத்தி கல்யாணத்துக்காகத் தேனிப் பக்கம் போய்ப் பதினைந்து நாள் தங்கிவிட்டார். தேனீக்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கவில்லை!

ராணி அறைகளைக் கிள்ளி எறிந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அப்போதைக்குத்தான் உதவும். நெரிசல் தீராவிட்டால் மறுநாளே வேறு அறை கட்டும். முதலில் இடம் கொடுக்க வேண்டும். நம் ஊரில் வழங்கும் நியூட்டன் பெட்டியைத் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன் 1911-க்கும் 1917-க்கும் இடையில் அமைத்தார். அதில் கீழே புழு அறை, ஏழு சட்டங்கள். மேலே தேன் அறை. கீழே ஐந்தாறு சட்டம் நிறைந்தவுடனே மேல் அறையை வைத்துவிட வேண்டும். கறுத்துப்போன பழைய அடைகளை எடுத்துவிட்டுப் புதிய சட்டம் தர வேண்டும். பெட்டி மேல் உச்சி வெயில் படக்கூடாது. மதுரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கிழ ராணி இருந்தால் இளம் ராணியை மாற்றி வைப்பதும் நல்லது.

இத்தனை செய்தும் ராணி அறை கட்டினால்? தேனீக்கள் பிரிவதற்கு முன் நாமே பிரித்துவிடலாம். தாய் ராணியையும் சில சட்டங்களையும் தேனீக்களோடு புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அறுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று விட்டால் ஆபத்து! முதல் கூட்டம் போன பிறகும் இளம் ராணிகளோடு சின்னச் சின்னக் கூட்டங்கள் கிளம்பி, பெட்டி ஓய்ந்தே போகும். நம் நாட்டுத் தேனீக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம்.

வாசலில் தகடு வைத்து ராணியை மட்டும் தடுப்பதும் உண்டு. வேலைக்காரத் தேனீ அதில் நுழையும், ராணி நுழையாது. ஆனால் வெளியே பறந்து கலவி முடித்து வரவேண்டிய கன்னி ராணியையும் அது அடைத்துப் போடும். நாலைந்து நாளுக்கு மேல் வைப்பது சரியல்ல என்பது என் எண்ணம்.

இந்தத் தொழிலை நம் தெற்குச் சீமையில் வளர்த்த ஊர் மார்த்தாண்டம். 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம நிலையத்தில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் குடியானவர்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். 1991, 1992-ல் அந்தப் பக்கத்தில் புழுக்களைத் தாக்கும் கொள்ளை நோய் பரவி, ஏராளமான பெட்டிகள் காலியாயின. தப்பிப் பிழைத்த கூட்டங்களை இப்படிப் பிரித்துப் பிரித்துத்தான் மறுபடி பெட்டிகளை நிரப்பினார்கள்.

வீடு தேடும் தூதர்கள்

சரி, வேப்பங்கிளையில் தொங்கும் கூட்டம் என்ன செய்துகொண்டிருக்கிறது? வீடு பார்த்துக்கொண்டிருக்கிறது! சில நூறு தேனீக்கள் பொந்து தேடிப் பறக்கும். கண்டுபிடித்தது திரும்பி வந்து கூட்டத்தின் மேல் ஆடும். ஆட்டத்தின் போக்கு திசையையும் தூரத்தையும் சொல்லும். 1949-ல் ஜெர்மனியில் மார்ட்டின் லிண்டாவர் என்பவர் ஒரு கூட்டத்தைக் கவனித்தார். ஆடுகிற தேனீக்களின் உடம்பில் பூந்தாது இல்லை. ஒன்றில் புகைக்கரி, ஒன்றில் செங்கல் பொடி, ஒன்றில் மாவு! பூத் தேடிப் போனவையாக இருந்தால் இப்படி வருமா? வீடு பார்க்கப் போய், புகைக்கூண்டிலும் இடிந்த சுவரிலும் புரண்டு வந்தவை அவை. வெவ்வேறு இடங்களுக்கு ஆடியவை, கடைசியில் ஒரே இடத்துக்கு ஆடத் தொடங்கியதும் கூட்டம் கிளம்பியது.

கிளையில் தொங்கும் நாட்டுத் தேனீக் கூட்டம் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டு வந்தவை அவை. காக்க வேண்டிய வீடும் அப்போது இல்லை. ஆனால் உயர்ந்த கட்டடங்களிலும் பாறைகளிலும் தொங்கும் மலைத்தேனீ வேறு ஜாதி. அதனிடம் விளையாடக்கூடாது. கல்லெறிவதும் தீ வைப்பதும் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுவதே சரி.

பெரியவருக்கு இதெல்லாம் தெரியும். தீப்பந்தக்காரரை அனுப்பிவிட்டு, கூட்டத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தார். பொழுது சாய்ந்ததும் ஏணி வைத்து ஏறி, ஒரு கூடையைக் கீழே பிடித்துக் கிளையை உலுக்கினார். பொத்தென்று விழுந்தது கூட்டம். மூடி, காலிப் பெட்டியில் கொட்டினார். பழைய பெட்டியிலிருந்து புழு உள்ள சட்டம் ஒன்றையும் உள்ளே வைத்தார். புழு இருந்தால் தேனீக்கள் அதை விட்டுப் போக யோசிக்கும்.

பிறகு அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பழைய பெட்டியைத் திறந்தார். ஏழு ராணி அறைகள் தொங்கின. பெரிதாக, நேராக இருந்த ஒன்றைக் காட்டி, "இவ போதும்" என்றார். மற்ற ஆறையும் கத்தியால் அறுத்து எடுத்தார். பேரன் ஒரு காகிதத்தில் தேதி எழுதிப் பெட்டி மேல் ஒட்டினான்.

"இந்த வருஷம் ஒரு பெட்டித் தேன் போச்சு. அடுத்த வருஷம் ரெண்டு பெட்டி. என்ன தம்பி?" என்றார் பெரியவர், ஏணியைச் சுவரில் சாய்த்தபடி.