பிக்கிள்பால் குழுவில் முதல் நாள்: ஓங்கி அடித்த பந்து ஏன் வெளியே போகிறது?

சனிக்கிழமை காலை எட்டு மணி. சமூக மன்றத்தின் பலநோக்கு மண்டபம். பள்ளிப் பூப்பந்துக் குழுவில் ஆடும் உயர்நிலை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், வட்டார பிக்கிள்பால் குழுவில் அன்றுதான் சேர்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வலைக்கு அந்தப் பக்கம் தாத்தா வயதில் ஒருவர். பக்கத்தில் அவருடைய மனைவி. "இவர்களை வெல்வதா பெரிய காரியம்?" என்று நினைத்தபடி மட்டையை ஓங்குகிறான்.

முதல் பந்து பின்சுவரில் போய் மோதுகிறது. இரண்டாவது வலையில் விழுகிறது. மூன்றாவது பந்தைப் பாட்டி அலட்டிக்கொள்ளாமல் வலையை ஒட்டி மெல்ல இறக்கிவிடுகிறார். இவன் ஓடி வருவதற்குள் அது இரண்டு முறை குதித்துவிட்டது. ஆட்டம் முடியும்போது 11-2.

"பரவாயில்லை தம்பி, முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான். அடுத்த வாரம் பலத்தைக் கொஞ்சம் வீட்டிலேயே வச்சிட்டு வா," என்கிறார் பாட்டி.

பாட்டி சொன்ன அந்த ஒரு வரியில் நிறைய இயற்பியல் இருக்கிறது. புதிதாகச் சேர்பவர் அதைப் புரிந்துகொண்டால், தடுமாற்றம் சீக்கிரம் குறையும். காயம்படும் வாய்ப்பும் குறையும்.

பூப்பந்துத் தளத்தில் பிறந்த ஆட்டம்

1965ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவு. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான ஜோயல் பிரிட்சர்டும் அவருடைய நண்பர் பில் பெல்லும் வீடு திரும்பியபோது, பிள்ளைகள் பொழுதுபோகாமல் சலித்துப்போய் இருந்தார்கள். வீட்டருகே பழைய பூப்பந்துத் தளம் இருந்தது. ஆனால் பூப்பந்துச் சாதனங்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. மேசைப்பந்து மட்டைகளையும் ஓட்டைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஆடத் தொடங்கினார்கள். பந்து தரையில் நன்றாகக் குதித்ததால், 60 அங்குல உயரத்தில் இருந்த வலையை 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். பிறகு பார்னி மெக்கலம் என்ற நண்பரும் சேர்ந்துகொள்ள, மூவருமாக விதிகளை வகுத்தார்கள்.

அதனால்தான் இன்றும் பிக்கிள்பால் ஆடுதளமும் பூப்பந்து இரட்டையர் தளமும் ஒரே அளவு: நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். பூப்பந்துக் கோடுகள் உள்ள நம் ஊர் மண்டபங்களில் இந்த ஆட்டம் வேகமாகப் பரவியதற்கு இதுவும் வசதியாக அமைந்தது. ஆனால் பூப்பந்து ஆடிப் பழகிய கை, கோடுகளைப் பார்த்ததும் பழைய ஆட்டத்தையே ஆட நினைக்கும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

வேகத்தை விழுங்கும் பந்து

பிக்கிள்பால் பந்தின் விட்டம் ஏறத்தாழ 7.4 சென்டிமீட்டர். எடை 22 முதல் 26.5 கிராம் வரை. அதில் 26 முதல் 40 ஓட்டைகள் வரை இருக்கலாம். டென்னிஸ் பந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பிக்கிள்பால் பந்து அளவில் சற்றுப் பெரியது, எடையிலோ பாதிக்கும் குறைவு.

பெரிய பந்து அதிகக் காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எடை குறைந்த பந்தைக் காற்று எளிதில் வேகம் குறைத்துவிடும். மேலும், வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். எனவே எவ்வளவு பலமாக அடிக்கிறீர்களோ, அவ்வளவு அதிகமாகக் காற்று உங்கள் உழைப்பைத் தின்றுவிடும்.

பந்து தரையைத் தொட்டதும் இன்னும் சக்தி இழக்கிறது. விதிப்படி, 198 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கருங்கல் தளத்தின்மேல் விடப்படும் பந்து 76 முதல் 86 சென்டிமீட்டர் வரைதான் எழும்ப வேண்டும். அதாவது, ஆரம்பத்தில் இருந்த சக்தியில் சுமார் 40 விழுக்காடுதான் மிஞ்சுகிறது. மீதியில் பெரும்பகுதி, பந்து நசுங்கி விரியும்போது வெப்பமாகிவிடுகிறது.

வீட்டில் செய்து பாருங்கள்

சுவரில் ஓர் அளவு நாடாவை ஒட்டுங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பந்தைத் தள்ளாமல் அப்படியே விடுங்கள். எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதைக் கைப்பேசியில் மெதுவோட்டமாகப் படமெடுங்கள். கடினமான தரையில் பிக்கிள்பால் பந்து 40 சென்டிமீட்டர் அளவுக்கு எழும்பும். டென்னிஸ் பந்து 55 சென்டிமீட்டர் அளவுக்கு எழும்பும். எழும்பிய உயரத்தை, விட்ட உயரத்தால் வகுத்தால், மிஞ்சிய சக்தியின் பங்கு கிடைக்கும். அதன் வர்க்கமூலம், மிஞ்சிய வேகத்தின் பங்கு. 0.4இன் வர்க்கமூலம் சுமார் 0.63. அப்படியென்றால் ஒரே குதிப்பில் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

'கிச்சன்' போட்டுவைத்த பூட்டு

வலையின் இரு பக்கமும் 2.13 மீட்டர் வரை ஒரு பகுதி இருக்கிறது. அதற்குக் 'கிச்சன்' என்று செல்லப்பெயர். அதற்குள் நின்றுகொண்டோ, அதன் கோட்டை மிதித்துக்கொண்டோ பந்தைக் குதிக்கவிடாமல் அடிக்கக்கூடாது. குதித்த பந்தை அடிக்க உள்ளே போகலாம்.

இதில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு நுணுக்கம் உண்டு. கோட்டுக்கு வெளியே நின்று, குதிக்காத பந்தை அடிக்கிறீர்கள். அடித்த வேகத்தில் உடல் முன்னே சாய்ந்து, கால் கிச்சனுக்குள் போய்விடுகிறது. அதுவும் பிழைதான். பந்து எதிர்ப்பக்கத்தில் விழுந்து புள்ளி முடிந்திருந்தாலும் பிழைதான். உடலின் நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம். பாய்ந்து அடிப்பவரின் உந்தம் நினைத்த நொடியில் நின்றுவிடாது. அதை அடக்கி நிற்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கோடு நண்பன்.

சரி, கோட்டுக்கு வெளியே நின்று ஓங்கி அடித்தால்? நடுவில் வலையின் உயரம் 86 சென்டிமீட்டர். பந்து உங்கள் முழங்கால் உயரத்தில் இருந்தால், அது மேல்நோக்கிப் போனால்தான் வலையைத் தாண்டும். கிச்சன் கோட்டிலிருந்து எதிரணியின் கடைசிக் கோடு வரை சுமார் 8.8 மீட்டர்தான். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், வலையைத் தாண்டும் கோணத்தில் அடித்தால், காற்றுத் தடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், பந்து கடைசிக் கோட்டைத் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் கடந்து போகும். நம் மாணவனின் முதல் பந்து சுவரில் மோதிய கதை இதுதான்.

பாட்டி ஆடியதற்கு 'டிங்க்' என்று பெயர். மட்டையை வீசாமல், தோளிலிருந்து மெல்ல நகர்த்தி, பந்தை எதிரணியின் கிச்சனுக்குள் விழவைப்பது. மட்டை முன்னோக்கி வேகமாக வந்தால் அந்த வேகமும் பந்தோடு சேர்ந்துகொள்ளும். மட்டை கிட்டத்தட்ட அசையாமல் இருந்தால், வந்த வேகத்தில் ஒரு பகுதிதான் திரும்பும். இதைப் பழக ஒரு வழி: இருவர் கிச்சன் கோட்டுக்கு வெளியே எதிரெதிராக நின்று, பந்து கீழே விழாமல் இருபது முறை டிங்க் செய்து பாருங்கள். முதல் நாள் ஐந்தைத் தாண்டுவதே கடினமாக இருக்கலாம்.

கால் விநாடிக் கணக்கு

மெதுவான ஆட்டம் என்று சொல்லிவிட்டுக் கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் முரண்பாடாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரு கிச்சன் கோடுகளுக்கும் இடையே 4.27 மீட்டர். உயரமாக எழும்பிய பந்து ஒன்றை எதிரணி ஆட்டக்காரர் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறார். விநாடிக்கு 15 மீட்டர். அது உங்களை அடைய சுமார் 0.28 விநாடி ஆகும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசையத் தொடங்கவே 0.2 விநாடிக்கு மேல் ஆகிவிடும். மிச்சமிருப்பது பத்தில் ஒரு விநாடிகூட இல்லை.

அதனால்தான் மட்டையை இடுப்பருகே தொங்கவிடாமல், நெஞ்சுக்கு முன்னால் தயாராகப் பிடிக்கச் சொல்கிறார்கள். பாலிகார்பனேட் வில்லை கொண்ட விளையாட்டுக் கண்ணாடி அணிவது நல்லது. பார்வைக்காக அணியும் சாதாரணக் கண்ணாடி இந்த வேலையைச் செய்யாது.

கால்களுக்கும் ஒரு விதி உண்டு: தலைக்கு மேலே போகும் பந்தைத் துரத்திப் பின்னோக்கி ஓடாதீர்கள். அப்போது உடலின் ஈர்ப்பு மையம் பாதங்களைத் தாண்டிப் பின்னால் போய்விடும். எளிதில் விழக்கூடும், கையை ஊன்றினால் மணிக்கட்டுக்கு ஆபத்து. உடலைத் திருப்பிக்கொண்டு ஓடுங்கள், அல்லது புள்ளியை விட்டுவிடுங்கள். நெடுந்தூர ஓட்டத்துக்கான காலணி முன்னோக்கி ஓடவே வடிவமைக்கப்பட்டது. பக்கவாட்டில் திரும்பினால் அதில் கணுக்கால் பிசகக்கூடும். பூப்பந்துக் காலணி இருந்தால் அதுவே மண்டபத்துக்குப் போதும். மழை பெய்து ஓய்ந்த திறந்தவெளித் தளத்தில் உராய்வு குறைந்திருக்கும். தரை காயும்வரை காத்திருங்கள்.

மட்டையை உடனே வாங்க வேண்டாம். முதல் சில வாரங்கள் இரவல் வாங்கி ஆடிப் பாருங்கள். பூப்பந்து மட்டை 100 கிராமுக்கும் குறைவு. பிக்கிள்பால் மட்டை பெரும்பாலும் 200 கிராமுக்கு மேல். பழகாத கை இறுகப் பிடித்து மணிக்கட்டால் சுழற்றினால் முழங்கையில் வலி வரும்.

புதியவர் தெரிந்துகொள்ள வேண்டிய பழக்கங்கள்

சர்வ் செய்யும்போது இடுப்புக்குக் கீழே, கீழிருந்து மேலாக, குறுக்கே உள்ள கட்டத்துக்கு அடிக்க வேண்டும். கை தடுமாறினால் பந்தைக் கீழே விட்டு, குதித்த பிறகு அடிக்கவும் விதி இடம் தருகிறது. சர்வ் ஒரு முறை குதிக்க வேண்டும். அதைத் திருப்பி அடித்த பந்தும் ஒரு முறை குதிக்க வேண்டும். அதன் பிறகே குதிக்காத பந்தை அடிக்கலாம்.

வழக்கமான முறையில், இரட்டையர் ஆட்டத்தில் சர்வ் செய்பவர் மூன்று எண்களைச் சொல்வார்: தம் அணியின் புள்ளி, எதிரணியின் புள்ளி, தாம் முதல் சர்வரா இரண்டாம் சர்வரா என்பது. ஆட்டம் "0-0-2" என்று தொடங்குவதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். முதலில் சர்வ் செய்யும் அணிக்கு ஆரம்பத்தில் ஒரே ஒரு சர்வர்தான். சர்வ் செய்யும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். 11 புள்ளி எடுத்து, இரண்டு புள்ளி முன்னிலையில் இருப்பவர் வெல்வார்.

உங்கள் பக்கத்தில் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று நீங்களே சொல்ல வேண்டும். சரியாகத் தெரியவில்லை என்றால் அது எதிரணிக்குச் சாதகம். பக்கத்துத் தளத்துக்கு உங்கள் பந்து உருண்டால் உரக்கச் சொல்லுங்கள். யாராவது அதை மிதித்துச் சறுக்கலாம்.

இன்னொரு பொறுப்பு, ஆடுதளத்துக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியது. நரம்பில்லாத கடின மட்டையும் கடின பிளாஸ்டிக் பந்தும் மோதும் 'டொக்' ஒலி கூர்மையானது. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் குடியிருப்புகளுக்கு அருகே இந்தச் சத்தம் குறித்துப் புகார்கள் எழுந்துள்ளன. திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் செறிவு கால் பங்காகும். ஆனால் அடுக்குமாடிச் சுவர்கள் ஒலியை எதிரொலித்து மேல்மாடிகளுக்கு அனுப்பும். அந்த வீடுகளில் தேர்வுக்குப் படிக்கும் உங்கள் வகுப்புத் தோழர்களும் இருக்கலாம். குழு வைத்துள்ள நேரக் கட்டுப்பாட்டை மதிப்பது அவர்களுக்காகவும்தான்.

கடைசியாக, பெயர். இந்த ஆட்டத்துக்கும் ஊறுகாய்க்கும் தொடர்பில்லை. படகுப் போட்டிகளில், மற்றப் படகுகளுக்குத் தேர்வானவர்கள் போக எஞ்சியிருப்பவர்களைச் சேர்த்துச் செலுத்தும் படகை 'பிக்கிள் படகு' என்பார்கள். பல ஆட்டங்களின் கலவையான இது தமக்கு அந்தப் படகை நினைவூட்டியதால் அப்படிப் பெயர் வைத்ததாக ஜோயலின் மனைவி ஜோன் பிரிட்சர்ட் கூறியிருக்கிறார். தாத்தா, பாட்டி, வேலை முடிந்து வந்த தாதி, பள்ளி மாணவன் என்று அன்று வந்தவர்களைக் கொண்டு அணி சேரும் ஒரு குழுவுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நம் மாணவன் பாட்டியிடமே போய், "ஆன்ட்டி, எனக்கு டிங்க் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்கட்டும். இருபது முறை பந்து விழாமல் ஆடிவிட்டால், அன்று 11-2 என்று தோற்கமாட்டான்.