அலைமோதும் எண்ணங்களை ஒதுக்கி வைக்கும் மனக்காட்சிப் பயிற்சி

மனக்காட்சிப் பயிற்சி என்பது

கண்முன் இல்லாத ஓர் இடத்தையோ பொருளையோ வேண்டுமென்றே மனத்தில் வரவழைத்து, அதன் நிறம், ஒலி, தொடுகை எல்லாவற்றோடும் சிறிது நேரம் அதிலேயே தங்கியிருப்பது மனக்காட்சிப் பயிற்சி. வேலையின் நடுவே குறுக்கே வந்து விழும் எண்ணத்தையும், படுத்த பிறகு விடாமல் துரத்தும் கவலையையும் சற்று நேரத்துக்கு ஒதுக்கி வைக்க உளவியலாளர்கள் இதைக் கற்றுத் தருகிறார்கள். தமிழர்களுக்கு இது முற்றிலும் புதிய பழக்கமும் இல்லை. மனத்தை ஒரே பொருளில் நிறுத்தும் தாரணையைப் பதஞ்சலியின் யோக முறை எட்டு அங்கங்களுள் ஆறாவதாகச் சொல்கிறது.

ஒதுக்கி வைக்க வேண்டிய கவலைகளுக்கு மலேசியத் தமிழர்களிடமும் குறைவில்லை. ஈப்போ நகரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு வீட்டு வாடகை, கார்த் தவணை, தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் என்று நினைத்து உழல ஆயிரம் இருக்கின்றன. இவற்றில் எதுவும் பொய்யான கவலை இல்லை. ஆகவே, ‘நினைக்காதே’ என்று சொல்வது யாருக்கும் உதவுவதில்லை.

விரட்டினால் ஏன் போவதில்லை

1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய சோதனை நடத்தினார்கள். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். ஐந்து நிமிடங்களில் மணி பல முறை அடித்தது. பிறகு ‘இப்போது நினைக்கலாம்’ என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களே அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். ஓர் எண்ணம் வந்துவிட்டதா என்று கண்காணிக்க, அந்த எண்ணத்தையே மனம் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அடக்க அடக்க அது தலைதூக்குவதற்கு வெக்னர் தந்த விளக்கம் இதுதான்.

மனக்காட்சிப் பயிற்சி எண்ணத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. அது வரலாம், ஆனால் இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் என்று ஏற்பாடு செய்கிறது. இந்த வேறுபாடு புரியாமல் தொடங்குபவர்கள், காட்சியையே எண்ணத்தை அடிக்கும் தடியாக்கிக்கொண்டு இரண்டே நாளில் சலித்துவிடுகிறார்கள்.

மனத்துக்குள் நடப்பது

நடக்கிற வேலைக்கு வேண்டியதை மட்டும் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும் செயல்நினைவில், சொற்களுக்கு ஒரு பகுதியும் காட்சிகளுக்கு ஒரு பகுதியும் உண்டு என்று ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். இரண்டுக்குமே கொள்ளளவு குறைவு. விபத்து, மருத்துவமனை, கடன்காரர் முகம் என்று கவலை பல சமயம் காட்சியாகவும் வருகிறது. காட்சிக்கான இடத்தை வேறொரு விரிவான காட்சி நிரப்பும்போது கவலையின் காட்சி மங்குகிறது. அதனால்தான் நுணுக்கம் முக்கியம். வெறுமனே ‘ஓர் ஆறு’ என்றால் இடம் நிரம்புவதில்லை. கரையில் என்ன புல், நீர் எந்த நிறம், வெயில் எந்தப் பக்கம் என்று மனம் தேடிப் பார்க்க வேண்டும்.

கிந்தா ஆற்றில் மிதக்கும் இலைகள்

ஸ்டீவன் ஹேய்ஸ் உருவாக்கிய ஏற்பு, உறுதிப்பாட்டுச் சிகிச்சையில் ஓடையில் மிதக்கும் இலைகள் என்றொரு பயிற்சி பெயர்பெற்றது. ஈப்போவுக்கு அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பவருக்கு ஓடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தித்திவங்சா மலையில் பிறக்கும் கிந்தா ஆறு ஊரையொட்டி ஓடி, ஈப்போவைக் கடந்து பேராக் ஆற்றில் கலக்கிறது.

பயிற்சி செய்பவர் முதுகு நிமிர்ந்து வசதியாக உட்கார்ந்து, கண்ணை மூடியோ பார்வையைத் தாழ்த்தியோ வைத்துக்கொள்கிறார். ஆற்றங்கரையில் தாம் உட்கார்ந்திருப்பதாகக் காண்கிறார். மேலிருந்து இலைகள் மிதந்து வருகின்றன: அகலமான தேக்கிலை, முனை சிவந்த மாந்தளிர், மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்த ரப்பர் இலை. மனத்தில் ஓர் எண்ணம் எழுந்ததும் அதை ஓர் இலைமேல் வைக்கிறார். ‘நாளைக்குத் தவணை கட்ட வேண்டும்’ என்பது ஓர் இலை. ‘அவர் ஏன் அப்படிச் சொன்னார்’ என்பது இன்னோர் இலை. நல்ல எண்ணத்துக்கும் இலைதான். ‘இது வீண் வேலை’ என்ற எண்ணம் வந்தால் அதையும் இலையில் ஏற்றிவிடலாம்.

ஆறு தன் போக்கில் ஓட வேண்டும், அதைத் துரிதப்படுத்தக் கூடாது. இலை கல்லில் சிக்கிச் சுழன்றால் சுழலட்டும். அதே எண்ணம் பத்து முறை வந்தால் பத்து இலைகள். நடுவில் ஆறே மறைந்து, தாம் எப்போதோ கவலைக்குள் போய்விட்டதை உணர்ந்தால், மறுபடி கரைக்கு வந்து உட்கார்ந்தால் போதும். உண்மையான பயிற்சி அந்தத் திரும்பி வருதலில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதுமானது. மனம் ஓரளவு அமைதியாக உள்ள வேளையில் பழகியவர்களுக்கே நெருக்கடியில் இது கைகொடுக்கும்.

பூட்டி வைக்கும் டிரங்குப் பெட்டி

எண்ணம் மிகவும் கனமாக இருக்கும்போது, அதை ஒரு கொள்கலனில் வைத்துப் பூட்டும் காட்சி பயன்படுகிறது. அதிர்ச்சி நினைவுகளுக்காக பிரான்சின் ஷப்பிரோ 1980-களின் இறுதியில் உருவாக்கிய கண்ணசைவுச் சிகிச்சையில், நோயாளியை ஆயத்தப்படுத்தும் கட்டத்தில் இதைக் கற்பிப்பதுண்டு. பெட்டி பழக்கமானதாக இருப்பது நல்லது. தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் மலாயாவுக்கு வந்திறங்கியவர்கள் கொண்டுவந்ததைப் போன்ற தகர டிரங்குப் பெட்டி பலர் நினைவில் இருக்கும். அதன் மூடியின் கிறீச்சொலி, உள்ளே பாச்சை உருண்டை வாசம், கொண்டி, பூட்டு, சாவியின் குளிர்ச்சி வரை காண வேண்டும். கவலைகளைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, மூடி, சாவியைத் தெரிந்த இடத்தில் மாட்ட வேண்டும்.

பெட்டியைத் திறக்கும் நேரத்தையும் அப்போதே குறித்துவிட வேண்டும். தாமஸ் போர்க்கோவெக்கின் குழு 1983-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் கவலைக்கென்று ஒதுக்கும் முறை கவலை மிகுந்தவர்களுக்கு உதவியது. மாலை ஆறு மணி என்றால் ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்து, தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, எதற்கு என்ன செய்யலாம் என்று எழுத வேண்டும். திறக்கவே திறக்காத பெட்டி, எண்ணத்தை விரட்டும் பழைய வழிக்கே கொண்டுபோய் விடும். நேரம் குறிக்காமல் பூட்டுவதைவிடப் பூட்டாமலே இருக்கலாம்.

தூக்கம் வராத இரவு

ஆலிசன் ஹார்வியும் சுசன்னா பெய்னும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கமின்மையால் அவதிப்பட்டவர்களுள் ஒரு குழுவினர் படுத்த பிறகு தங்களுக்குப் பிடித்த, சுவையான ஒரு காட்சியைக் கற்பனை செய்தார்கள். எந்த அறிவுரையும் பெறாதவர்களைவிட அவர்கள் விரைவில் தூங்கியதாகத் தெரிவித்தார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு விடியுமுன் ரப்பர் மர நிரையில் நடப்பது அத்தகைய காட்சியாக இருக்கலாம்: நெற்றி விளக்கின் வட்ட வெளிச்சம், பட்டையைச் சீவும் கத்தியின் ஓசை, கோப்பையில் சொட்டும் பால், அடுத்த மரம். அதே தோட்டத்தில் அடியும் பசியும் கண்டவருக்கு அந்தக் காட்சி ஆகாது. அவர் வேறு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவருக்கு இதம் தரும் காட்சியை இன்னொருவர்மேல் திணிப்பது பயிற்சி தருபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

காட்சி தெரியாதவர்கள்

மனத்தில் படமே எழாதவர்களும் உண்டு. இந்நிலைக்கு 2015-இல் பிரிட்டிஷ் நரம்பியலாளர் ஆடம் ஜெமன் ‘அஃபான்டேசியா’ என்று பெயரிட்டார். இது நோயோ குறையோ அல்ல. இவர்கள் கவலையைத் தாளில் எழுதி உண்மையான டப்பாவில் போட்டு மூடலாம்.

யாருக்கு எச்சரிக்கை தேவை

வாகனம் ஓட்டும்போதும் இயந்திரத்தின் அருகிலும் இதைச் செய்யவே கூடாது. விபத்து, வன்முறை போன்ற அதிர்ச்சிக்கு ஆளானவருக்குக் கண்ணை மூடியதும் பழைய காட்சியே பாயக்கூடும். அவர் கண்ணைத் திறந்து வைத்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, பயிற்சி பெற்றவரின் துணையோடு செய்வதே பாதுகாப்பு. எண்ணச் சுழற்சி நோய் (OCD) உள்ளவரிடம், கெட்ட எண்ணம் வரும்போதெல்லாம் பெட்டியைப் பூட்டுவதே நிறுத்த முடியாத சடங்காகிவிடலாம். இல்லாத குரல் கேட்பவரும் உருவம் தெரிபவரும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மருத்துவ உதவி

சோர்வு, பதற்றம், தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், வேலையும் குடும்பமும் பாதிக்கப்பட்டாலும் பயிற்சியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். முதலில் அருகிலுள்ள அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போகலாம். தேவையானால் அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்கப்பட்டு, இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்று அழைக்கப்படும் நிலையம் நாட்டின் மிகப் பெரிய மனநல மருத்துவமனைகளுள் ஒன்று. அதன் காரணமாக ஊரின் பெயரையே மலேசியர்கள் கேலிச்சொல்லாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அந்தக் கேலிக்கு அஞ்சி, எளிதில் குணமாகக்கூடிய நிலையை முற்றவிட்டவர்களின் துன்பம் பெரிது. அங்கே போவது நீரிழிவுக்கு மருத்துவம் பார்ப்பதிலிருந்து எந்த வகையிலும் வேறானதல்ல.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அதை இலையில் விடவோ பெட்டியில் பூட்டவோ கூடாது, உடனே ஒருவரிடம் சொல்ல வேண்டும். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. மன உளைச்சலில் இருப்பவர்களுக்குச் செவிகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. மலேசியாவில் தற்கொலை முயற்சி 2023 முதல் குற்றமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே அழைப்பவர் வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை.