காந்தம் சுமக்கும் வண்டி

ஆகாய விமானத்தில் அயல்நாடு சென்று இறங்கும் பிரயாணிக்கு முதற்கண் எழும் கவலை, விமான நிலையத்தினின்று நகரத்தை அடைவது எவ்வாறு என்பதே. பெருநகரங்களின் விமான நிலையங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெகு தொலைவில் அமைந்துள்ளன. இக்குறையை நீக்கச் சீன தேசத்து ஷாங்காய் நகரத்தார் கையாண்ட உபாயம் நம் ஆராய்ச்சிக்குரியது.

அந்நகரின் புதோங் விமான நிலையத்தினின்று லோங்யாங் வீதி நிலையம் வரை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்திற்கு உயர்பாதை ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. இதன்மீது விரையும் வண்டி சக்கரங்களால் உருள்வதன்று. நீராவியாலோ எண்ணெயாலோ இயங்குவதுமன்று. பின் எவ்வாறு ஓடுகின்றதெனின், கூறுவாம்.

வண்டியின் கீழ்ப்பாகம் இருமருங்கும் கைகளைப்போல வளைந்து, பாதையின் விளிம்பை அடியினின்று தழுவி நிற்கின்றது. அக்கைகளிலுள்ள மின்காந்தங்கள் பாதையின் அடிப்புறத்து இரும்பை நோக்கி மேலே இழுக்கப்படவே, வண்டி முழுதும் உயர்கின்றது. காந்தம் இரும்பை அணுகுந்தோறும் அதன் கவர்ச்சி மிகும். தடுக்காவிடின் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அங்ஙனம் நேராவண்ணம், இடைவெளியை ஓயாது அளக்கும் கருவிகள் மின்னோட்டத்தைக் கணந்தோறும் கூட்டியும் குறைத்தும், அதனைச் சுமார் 10 மில்லிமீட்டர் அளவில் நிறுத்துகின்றன. வண்டியை முன்செலுத்துவதோ, பாதை நெடுகிலும் பதித்த கம்பிச் சுருள்களிற் பாயும் மின்சாரமாம். அதனால் எழும் காந்த அலை முன்னேறிச் செல்ல, வண்டியும் உடன் செல்லும்.

இம்முறைக்கு ஹெர்மன் கெம்பர் என்னும் ஜெர்மானியர் 1934-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றனர். ஷாங்காய் வண்டியின் துவக்க ஓட்டம் 2002 டிசம்பர் 31-ல் நிகழ்ந்தது. 2003 நவம்பரில், சோதனையோட்டமொன்றில் அது மணிக்கு 501 கிலோமீட்டர் வேகத்தை எட்டிற்று. பன்னாள் 431 கிலோமீட்டர் உச்ச வேகத்தில் ஓடிய இவ்வண்டியின் வேகம், 2021 முதல் 300 ஆகக் குறைக்கப்பட்டது. ஆயினும் பிரயாணம் ஏறத்தாழ எட்டு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது.

நிற்க. இதனாற் பிரயாணி அடையும் லாபம் யாது? லோங்யாங் வீதி நகரின் நடுவிடமன்று. ஆண்டிறங்கி, மூட்டைகளைச் சுமந்து, சுரங்க ரயிலுக்கு மாறுதல் வேண்டும். எட்டு நிமிடத்தில் ஈட்டிய காலத்தின் ஒரு பகுதி படிக்கட்டுகளிலும் காத்திருத்தலிலும் கழிகின்றது. ஜெர்மனியின் மியூனிக் நகரிலும் விமான நிலையத்திற்கு இத்தகைய பாதை அமைக்கக் கருதினர்; செலவு மிகுந்தமையால் 2008-ல் அதனைக் கைவிட்டனர்.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. ஜெர்மனியின் எம்ஸ்லாந்துச் சோதனைப் பாதையில் 2006 செப்டம்பர் 22-ல் இவ்வகை வண்டியொன்று மோதி 23 பேர் மாண்டனர். காந்தங்கள் தவறவில்லை, பராமரிப்பு வண்டியொன்று பாதையில் நிற்கையிலேயே ஓட உத்தரவு அளிக்கப்பட்டது. 10 மில்லிமீட்டர் இடைவெளியைக் காக்கும் கருவியை ஆக்கிய மனிதன், பாதை வெறுமையாயுள்ளதா என்று பார்க்கும் எளிய கடமையில் தவறினான்.

ஆதலின், விஞ்ஞானம் பயிலும் மாணவர் வேகத்தை மட்டும் வியந்து நின்றுவிடலாகாது. பிரயாணி தன் வீட்டு வாயிலை எப்பொழுது, எவ்வளவு சேமமாக அடைகின்றான் என்பதே எவ்வண்டிக்கும் ஏற்ற அளவுகோலாம்.