கர்ப்பகாலக் குருதியமுக்க நோய்கள்: முற்கண்டறிதலும் முன்னுரைத்தலும்

கர்ப்பகாலத்தில் தோன்றும் உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் வெளிக்குத் தெரியாது வளரும் நோயாகும். தாய்க்கு நோவில்லை; வழமையான வேலைகளையும் செய்கின்றாள். கால் வீக்கம் கர்ப்பத்தின் இயல்பென்று வீட்டிலுள்ளோர் கூறுவர். கடுந்தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று நோவு ஆகியன தோன்றும்போது நோய் முற்றியிருக்கக்கூடும். அதன்பின் வலிப்பும் வரலாம். 2003 முதல் 2009 வரையான காலத்தைப் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகின் தாய்மரணங்களுள் ஏறத்தாழ 14 வீதமானவை இந்நோய்களால் நேர்ந்தவை. இத்தகைய நோயை நேரத்தோடு காண்பது எவ்வாறு? அது வருமுன்னரே கூற இயலுமா? இவ்விரு வினாக்களையும் நாம் வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும்.

முதலாவது வினாவுக்கான விடை பழையது. 1843இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஜோன் லீவர், வலிப்புக் கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரில் அல்புமின் இருப்பதைக் கண்டார். 1896இல் இத்தாலியரான ரிவா-ரொச்சி கைப்பட்டியுடைய அமுக்கமானியை அமைத்தார். 1905இல் ருஷியரான கொரொட்கொவ் நாடியின் ஒலியைக் கேட்டு அமுக்கத்தை அளக்கும் முறையைக் கூறினார். இம்மூன்றும் சேர்ந்தே கர்ப்பிணிப் பரிசோதனையின் அடித்தளமாயின. கர்ப்பத்தின் 20ஆம் வாரத்தின் பின் அமுக்கம் 140/90 மி.மீ. இரசத்தை எட்டி, சிறுநீரில் புரதம் காணப்படினும், ஈரல், சிறுநீரகம் முதலியன தாக்கமுறினும், அந்நிலை பிறீ-எக்லாம்சியா எனப்படும். இலங்கையில் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழியாக வளர்ந்த கள அமைப்பும், வீடு தேடிச் செல்லும் மருத்துவமாதரும், இவ்வெளிய அளவைகளைக் கிராமத்துத் தாய்க்கும் எட்டச் செய்தமை சிறிய காரியமன்று.

இரண்டாவது வினா கடினமானது. நோயின் வேர் சூல்வித்தகத்தில் உள்ளது. இயல்பான கர்ப்பத்தில் கருப்பையின் சுருளி நாடிகள் அகன்று, சூல்வித்தகத்துக்கு வேண்டிய குருதியை வழங்குகின்றன. இம்மாற்றம் குறைவுறின் சூல்வித்தகம் நலிந்து, தாயின் குருதிக் கலன்களைத் தாக்கும் பொருள்களை வெளிவிடுகின்றது. ஆகவே அமுக்கம் உயர்வதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே நோய் தொடங்கிவிடுகின்றது. முன்னுரைத்தலுக்கு இடமளிப்பது இவ்விடைவெளியே.

1974இல் காண்ட் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஓர் எளிய சோதனையைக் கூறினர். பக்கவாட்டில் படுத்திருக்கும் கர்ப்பிணியை மல்லாந்து படுக்கவைத்து, கீழ் அமுக்கம் 20 மி.மீ. உயர்கின்றதா எனப் பார்ப்பதே அது. ஆயினும் சோதனை 'ஆம்' என்ற பலர் நலமாகவே பிள்ளை பெற்றமையால் அது கைவிடப்பட்டது. 2003இல் கருமாஞ்சி முதலானோர், சூல்வித்தகம் மிகுதியாகச் சுரக்கும் ஒரு புரதம் குருதிக் கலன்களுக்கு வேண்டிய வளர்ச்சிக் காரணிகளைச் சிறைப்படுத்துவதைக் காட்டினர். அப்புரதத்துக்கும் சூல்வித்தக வளர்ச்சிக் காரணிக்குமுள்ள விகிதம் பின்னர் சோதனையாயிற்று. 2016இல் வெளியான ஆய்வில், நோய் ஐயத்துக்குரிய பெண்களுள் விகிதம் 38 அல்லது அதனிலும் குறைவாயிருந்தோரில் 99 வீதத்துக்கு மேற்பட்டோர் அடுத்த ஒரு வாரத்தில் நோயுறவில்லை. 38ஐ விஞ்சியோருள்ளோ நான்கு வாரத்தில் நோயுற்றோர் ஏறத்தாழ 37 வீதத்தினரே. அதாவது, 'இப்போது வராது' என்று கூறுவதில் இச்சோதனை வலியது. 'வரும்' என்று கூறுவதில் அத்துணை வலியதன்று.

முன்னுரைத்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லையேல் அம்முன்னுரை அச்சத்தையே தரும். 1994இல் வெளியான, 9,000க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வில் 60 மில்லிகிராம் அஸ்பிரின் குறிப்பிடத்தக்க பயனைத் தரவில்லை. 2017இல் வெளியான ஆய்விலோ, 11 முதல் 14 வாரத்துள் தாயின் வரலாறு, குருதியமுக்கம், கருப்பை நாடியின் ஓட்டம், குருதிச் சோதனை ஆகியவற்றால் ஆபத்துள்ளோர் தெரியப்பட்டு, அவர்களுக்கு 150 மில்லிகிராம் அஸ்பிரின் நாள்தோறும் வழங்கப்பட்டது. 37 வாரத்துக்கு முன் பிரசவிக்க நேரும் பிறீ-எக்லாம்சியா 4.3 வீதத்திலிருந்து 1.6 வீதமாகக் குறைந்தது. உரியவரை, உரிய காலத்தில், உரிய அளவில் அணுகியமையே வேறுபாடு என நாம் கருதலாம். எனினும் 37 வாரத்தின் பின் தோன்றும் நோய் இதனாற் குறையவில்லை.

இங்கே ஒரு சமூக உண்மை தெளிவாகின்றது. அஸ்பிரினுக்கு வழிகாட்டும் இம்முன்னுரைத்தல் முறை முதல் மூன்று மாதத்துள் பரிசோதனைக்கு வரும் பெண்ணையே நோக்கியது. ஒருநாட் கூலியை இழக்கவியலாது ஐந்தாம் மாதத்தில் வருபவளுக்கு அவ்வாய்ப்புக் கடந்துவிடுகின்றது. ஆபத்துக் குறைந்தவள் எனக் கணிக்கப்பட்டவளும் நோயுறக்கூடும். ஆகவே முன்னுரைத்தல் அளத்தலுக்கு மாற்றாகாது. யாரைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும் என்பதையே அது கூறும். புதிய சோதனைகளை வரவேற்கும் நாம், பழுதற்ற அமுக்கமானியும் அதனை முறையாகப் பயன்படுத்தும் மருத்துவமாதும், கூலி குறையாமல் பரிசோதனைக்கு வரும் உரிமையும் ஒவ்வொரு தாய்க்கும் உண்டா என்பதையும் உடன் வினவுதல் வேண்டும்.