மின்னஞ்சல் வடிகட்டலில் தடுப்புப் பட்டியல்கள்: வினாவும் விடையும்

முன்னுரை

ஆய்வுக்கட்டுரை, மதிப்பீட்டாளர் கருத்து, ஏற்புக் கடிதம் ஆகியன இன்று பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே செல்கின்றன. அவற்றுட் சில உரியவரைச் சேராமல் வாயிலிலேயே திருப்பப்படுகின்றன. மடலின் உள்ளடக்கத்தைப் படிக்கும் முன்னரே, அதனை அனுப்பும் கணினியின் எண்முகவரியை மட்டும் நோக்கி இம்முடிவு எடுக்கப்படுவதுண்டு. அதற்கு அடிப்படையாவன களப்பெயர் முறைமையின் (டி.என்.எஸ்.) வழி இயங்கும் தடுப்புப் பட்டியல்கள். எரிதம் எனப்படும் வேண்டாமடல்களைத் தடுக்க 1997இல் பால் விக்ஸி முதலியோர் தொடங்கிய ஆர்.பி.எல். இவற்றின் முன்னோடியாகும். வழக்கில் மட்டும் நிலவிய இதன் மரபுகள் 2010இல் ஆர்.எஃப்.சி. 5782 என்னும் ஆவணமாக எழுதப்பெற்றன. வழக்கு முன்னும் இலக்கணம் பின்னுமாக அமைவது தமிழறிஞர்க்குப் புதிதன்று.

வினவும் முறை

அஞ்சல் உறையில் கதவெண், தெரு, வேங்கிக்கால், திருவண்ணாமலை எனச் சிறிய இடத்திலிருந்து பெரிய இடத்திற்குச் செல்கிறோம். களப்பெயரின் வரிசையும் அதுவே. எண்முகவரியோ பெரிய வலையமைப்பில் தொடங்கித் தனிக்கணினியில் முடிகிறது. எனவே 192.0.2.45 என்னும் முகவரியை 45.2.0.192 எனத் திருப்பி, அதன்பின் பட்டியலின் களப்பெயரைச் சேர்த்து வினவ வேண்டும். 'அப்பெயர் இல்லை' என விடை வரின் அம்முகவரி பட்டியலில் இடம்பெறவில்லை என்பது பொருள். இடம்பெற்றிருப்பின் 127 எனத் தொடங்கும் முகவரி விடையாகக் கிடைக்கும். சேர்த்ததன் காரணத்தை உரைப்பதிவில் தருவதும் மரபு.

விடையைப் பொருள்கொள்ளல்

பட்டியல் எம்மடலையும் தானே தடுப்பதில்லை. அது விடை மட்டுமே தருகிறது. தடுப்பவர் மடலைப் பெறும் வழங்கியின் நிருவாகியே. 'ஏதேனும் விடை வந்தால் மறுத்துவிடு' என்று அமைப்பதே பெருந்தவறு என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஸ்பேம்ஹாஸ் நிறுவனத்தின் 'ஸென்' பட்டியலை நோக்குக. அதில் 127.0.0.2 என்பது எரிதம் அனுப்புவோரோடு தொடர்புடைய முகவரியைக் குறிக்கும். 127.0.0.10, 127.0.0.11 ஆகியன குற்றச்சாட்டே அல்ல. நேரடியாக மடல் அனுப்புதற்குரியதல்லாத முகவரி என்பதே அவற்றின் பொருள். வேங்கிக்காலில் வீட்டு இணைப்பிலிருந்து தாமே மடல் வழங்கி நடத்த முயலும் ஒருவர் பெரும்பாலும் இவ்வகையிலேயே அகப்படுவார். அவர் தம் இணையச் சேவையாளரின் வழங்கி வழியாக அனுப்பினால் இத்தடை எழாது. இனி 127.255.255.254 என்பதோ முகவரியைப் பற்றிய விடையே அன்று. வினா பொதுத் தீர்வி வழியாக வந்ததால் விடையளிக்க இயலாது என்னும் அறிவிப்பு. இதனையும் 'ஆம்' எனக் கொள்ளும் வழங்கி குற்றமற்ற மடல் அனைத்தையும் திருப்பிவிடும்.

பட்டியலே மறைந்துபோவதும் உண்டு. ஓ.ஆர்.டி.பி. என்னும் பட்டியல் 2006 திசம்பரில் மூடப்பட்டது. அதனைத் தம் அமைப்பிலிருந்து நீக்காதோர் தொடர்ந்து வினவிக்கொண்டிருக்க, 2008 மார்ச்சில் அது எல்லா முகவரிக்கும் 'ஆம்' என விடையளிக்கத் தொடங்கியது. அவர்களுக்கு வந்த மடல்கள் மறுக்கப்பட்டன.

இதனை முன்னரே அறியும் வழி மரபிலேயே உள்ளது. இயங்கும் எண்முகவரிப் பட்டியல் ஒவ்வொன்றிலும் 127.0.0.2 இடம்பெற்றே ஆகவேண்டும், 127.0.0.1 இடம்பெறவே கூடாது. இரண்டையும் நாள்தோறும் வினவிப் பார்க்கும் சிறு நிரல் போதுமானது. முன்னது இல்லையெனில் பட்டியல் செயலற்றது. பின்னது உண்டெனில் அது எதற்கும் 'ஆம்' என்கிறது. பல துறைகள் ஒரே முகவரியைப் பகிரும் கல்வி நிறுவனங்களில், ஒரு கணினியின் பழுது அனைவரின் மடலையும் பாதிக்கும் ஆதலின், ஒரே பட்டியலின் சொல்லைக் கொண்டு மறுப்பதினும், அதனை மதிப்பெண்களுள் ஒன்றாகக் கொள்வது தக்கது. மறுப்பதாயின் மடலை ஏற்குமுன் மறுக்கவேண்டும். அப்போதுதான் அனுப்பியவர்க்குச் செய்தி கிட்டும்.

தமிழ்க் களப்பெயர்கள்

எண்முகவரிகளுக்கன்றிக் களப்பெயர்களுக்கும் பட்டியல்கள் உள்ளன. மடலினுள் வரும் இணைப்புகள் அவற்றில் வினவப்படும். களப்பெயர் முறைமையில் .இந்தியா, .இலங்கை என முடியும் தமிழ்ப் பெயர்கள் உரோமன் எழுத்தாலான பியூனிகோடு வடிவிலேயே பதிவாகின்றன. தமிழ் வடிவை அவ்வாறு மாற்றாமல் வினவும் வடிகட்டிக்கு, பட்டியலில் உள்ள பெயருக்கும் 'இல்லை' என்னும் விடையே கிடைக்கும்.